படிக்கத் தெரிந்தவர்களின் சங்கம்

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பொன்னாடை, வரவேற்புரை, "நேரமின்மை காரணமாக" என்று ஆரம்பித்து மணிக்கணக்கில் பேசுகிறவர், எல்லோரும் எழுந்து போன பிறகு காலி நாற்காலிகளுக்குச் சொல்லப்படும் நன்றியுரை. இவற்றுக்கு நடுவில்தான் என் வாழ்க்கையின் பாதி போயிற்று. ஊர் ஊராக எழுத்தறிவு வகுப்புகள் நடந்த காலத்தில், முதியோருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்கிற ஆசிரியர்களுக்கென்று எங்கள் மாவட்டத்தில் ஒரு சங்கம் இருந்தது. அதில் நான் நெடுநாள் செயலாளராகவும் பிறகு தலைவியாகவும் இருந்தேன். தலைவியாக இருந்ததைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

எனக்கு முன்னால் தலைவியாக இருந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்தில் பிறந்து, ஏற்காட்டில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே டீச்சராகி ஓய்வு பெற்றவர். அவர் ஊரில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெண் அவர்தான் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அதுக்கு எங்க கண்ணு நேரம் இருந்துச்சு?" என்று பேச்சை மாற்றிவிடுவார். நான் ஏற்காடு கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் வீட்டுப் பெண். காலேஜ் முடித்துவிட்டு, அத்தாவின் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். துவரம் பருப்பு வாங்க வந்த அக்கா, நான் பொட்டலக் காகிதத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அத்தாவிடம், "ஏனுங்க பாய், இந்தப் புள்ளயச் சாயங்காலமா எனக்குக் குடுங்க. பத்தரமாத் திருப்பிக் கொண்டாந்து உட்டுடறேன்" என்றார். அத்தா சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்படித்தான் நான் எஸ்டேட் லயன் வீடுகளில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுக்கப் போனேன்.

சங்கத்துப் பெரியவர்கள் "எழுத்தறிவு புகட்டுதல்" என்றுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. "புகட்டறதுக்கு அவங்க என்ன கைக்கொழந்தைங்களா?" என்று தீர்மான நகலில் சிவப்பு மையால் அடித்துவிடுவார். புதிய ஆசிரியர்களுக்கு அவர் நடத்துகிற பயிற்சி வகுப்பில் எழுத்தைப் பற்றிய பேச்சே கடைசியில்தான் வரும். முதலில் வெட்கத்தைப் பற்றித்தான் பேசுவார். படிக்கத் தெரியாத பெரியவர்கள் யாரும் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். தாளைக் கையில் கொடுத்தால் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேனுங்க" என்பார்கள். அக்கா அதை அப்படியே நடித்துக் காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவர் சொல்வார்: "இப்பச் சிரிச்சது போதும். அங்க போயி ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எதுவும் கேட்கக் கூடாது. "பரவால்லீங்க, சேந்து பாப்போம்" என்று சொல்லித் தாளை அவர்கள் பக்கமே வைத்து, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை நகர்த்திக்கொண்டு நிதானமாக வாசிக்க வேண்டும். காது கேட்டுக்கொண்டிருக்கும், கண் தானாக விரலின் பின்னால் போகும். நம் முகத்தில் லேசான சிரிப்பு இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் இளக்காரம், கொஞ்சம் குறைந்தால் மிரட்டல். அந்தச் சிரிப்பை வரவழைக்க நான் கண்ணாடி முன் நின்று பழகியதைப் பார்த்துவிட்டு, என் அம்மா பல் வலியா என்று கேட்டார். ஆனால் முறை பலித்தது. மாவட்டம் முழுக்க எங்கள் ஆசிரியர்களின் கைக்கும் முகத்துக்கும் அது பழகிப்போயிற்று.

தலைவியாக அக்கா போட்ட பெரிய சண்டை, மகாசபையை ஏற்காட்டுக்குக் கொண்டுவருவதற்காகத்தான். ஆண்டுதோறும் அது சேலத்தில்தான் நடக்கும். மலையில் இருக்கும் ஆசிரியர்கள் விடியுமுன் கிளம்பிக் கீழே போய், திரும்பும் பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் தேர்தல் நடக்கும் முன்பே எழுந்து வந்துவிடுவார்கள். அதனால் பொறுப்புக்கு மலைக்காரர்கள் வருவதே அபூர்வம். அக்கா எப்படியோ தப்பித் தவறிப் பொறுப்புக்கு வந்தவர். செயற்குழுவில் அவர் கேட்டார்: "நாங்க மட்டும் வருசா வருசம் எறங்கி வரோணும். நீங்க ஒரு தடவ ஏறி வந்தா என்னங்க?" கொண்டை ஊசி வளைவு, வாந்தி, குளிர், மூட்டு வலி என்று கீழ்நாட்டு உறுப்பினர்கள் சொல்லாத காரணமில்லை. கடைசியில் எங்கள் பொருளாளர்தான் அக்காவுக்குத் துணை நின்றார். அவர் அடிவாரத்துக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், அதிர்ந்து பேசாதவர். அக்கா மேல் அவருக்கு அத்தனை மரியாதை. தீர்மானம் நிறைவேறிய அன்று அக்கா எங்கள் கடைக்கே வந்து, எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்குத் தலைவலி வந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேலத்துக்குக் கூட்டிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார். கை கால் நன்றாக இருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது, அதிகாரமும் குறையவில்லை. பயந்ததெல்லாம் வீண் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மகாசபைக்கான ஆண்டறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழக்கமாக என் தமிழில் நாலு குற்றமாவது கண்டுபிடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அன்று தாளை வாங்கினார், பார்த்தார், மேசை மேல் வைத்தார்.

"கதவச் சாத்து கண்ணு" என்றார். சாத்தினேன்.

"எனக்குப் படிக்க வரமாட்டேங்குது."

எனக்குப் புரியவில்லை. கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. உன்ற மூக்குத்தி தெரியுது, சுவத்துல பல்லி தெரியுது. எழுத்து மட்டும் எழுத்தா வரமாட்டேங்குது. பாக்கறேன், என்னமோ கிறுக்கி வெச்சாப்ல இருக்குது."

மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். எழுத்தை அடையாளம் காட்டுகிற இடம் மட்டும் கெட்டுப்போய்விட்டது, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, போனது திரும்புமென்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பேனாவை வாங்கி, அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதினார். அதே பழைய கையெழுத்து. கரும்பலகையில் பார்த்துப் பார்த்து நாங்களெல்லாம் காப்பியடிக்க முயன்று தோற்ற கையெழுத்து. எழுதிவிட்டு, தான் எழுதியதையே உற்றுப் பார்த்தார்.

"எழுத வருது பாரு. என்ன எழுதுனேன்னு திருப்பிப் பாத்தா ஒண்ணும் புரியல. நீ படி."

"இந்த மகாசபையை நான் நடத்த வேண்டும்" என்று இருந்தது. படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுதீன்னா வெளிய போயி அழு. எனக்கு வேல இருக்குது" என்று திட்டினார். திட்டியதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகாசபை முடியும் வரை யாருக்கும் தெரியக் கூடாது. முடிந்த மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். "படிக்கத் தெரியாதவ படிக்கச் சொல்லிக் குடுக்கறவங்களுக்குத் தலைவியா இருக்கறது ஞாயமில்ல. அது எனக்கே தெரியும். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சுரக் கூடாது கண்ணு. தெரிஞ்சா என்னய எப்புடிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அப்புடிப் பாக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான?"

அதன் பிறகு சாயங்காலம் தோறும் போனேன். நிகழ்ச்சி நிரல், அறிக்கை, தீர்மானங்கள், அவருடைய தலைமையுரை எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் மனப்பாடம் செய்தார். அறிவாளிதான், ஆனாலும் அந்த வயதில் அவ்வளவும் தலையில் நிற்பது சாதாரண விஷயமில்லை. எந்தத் தாளை எப்போது கையில் எடுக்க வேண்டும், எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது வரைக்கும் பழகினோம். மேடையில் நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஏதாவது இசகுபிசகானால் காதில் சொல்லிவிடலாம். தலைகீழாகப் பிடித்துவிடாமல் இருக்க, தாள்களின் மேல் மூலையைக் கொஞ்சம் மடித்துக் கொடுத்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குக் கையை நீட்டினார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது.

மகாசபை நாளன்று நல்ல பனி. கீழ்நாட்டு உறுப்பினர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். இறங்கிய மாத்திரத்தில் வாந்திக் கணக்கை மறந்துவிட்டு, ஏரியைப் பார்க்க ஓடினார்கள். பள்ளி மண்டபம் நிரம்பிவிட்டது. செம்மநத்தத்திலிருந்தும் எஸ்டேட்டுகளிலிருந்தும் எங்கள் மலை ஆசிரியர்கள் தலைக்குக் குல்லாயும் மேலே சால்வையுமாக முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய கவலை இல்லாமல் அவர்கள் உட்கார்ந்த முதல் மகாசபை அது. அக்கா நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலையில் கம்பீரமாக இருந்தார். கண்ணாடியும் போட்டிருந்தார், ஒரு குறையும் தெரியக் கூடாதென்று.

கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த அனர்த்தம் நடந்தது. சிறப்பு விருந்தினராக வந்த ஒரு பெரிய மனிதரைத் தலைவிக்குப் பக்கத்தில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று யாரோ முறை பேசி, என் நாற்காலியை மேடைக் கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். "செயலாளருக்கு நாற்காலி மேல இவ்வளவு ஆசையா?" என்று கேலி செய்தார்கள். அக்காவுக்கு மறுபக்கம் பொருளாளர் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையை அசைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அறிக்கையைப் பற்றி அவர் பேசியபோது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மடக்கிய மூலையைத் தொட்டுத் தாளைப் புரட்டினார். தலைமையுரையின் பாதியில் இருந்தபோது, கீழேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. நம் ஊர்க் கூட்டங்களில் துண்டுச் சீட்டு வராமல் இருந்தால்தானே அதிசயம். அதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. சீட்டு கைமாறிக் கைமாறி அக்காவிடம் போனது. அவர் பேச்சை நிறுத்தி, வாங்கி, விரித்துப் பார்த்தார். மண்டபம் காத்திருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். நான் கோடியிலிருந்து எழுந்திருப்பதற்குள் மைக்கில் அவர் குரல் கேட்டது.

"கண்ணாடிய ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டேனுங்க."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

அந்த வாக்கியத்தைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பொருளாளர் சாய்ந்து, "பரவால்லீங்க, சேந்து பாப்போம்" என்றார். சீட்டை அக்கா பக்கமே வைத்து, ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை நகர்த்தி, நிதானமாக வாசித்தார்: "சாப்பாடு தயார். பேச்சைச் சுருக்கவும்." அவர் வேண்டுமென்று செய்யவில்லை. பழகிய கை, தானாகப் போயிற்று. நான் சபையைப் பார்த்தேன். அத்தனை முகத்திலும் அந்த லேசான சிரிப்பு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதாவது விட்டிருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அன்பு வந்தால் தாங்காது. என்ன ஆயிற்று என்று மேடையிலேயே பொருளாளர் கேட்டார். அக்கா மறைக்காமல் சொல்லிவிட்டார். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் அழுதுகொண்டே மேடையேறி மைக்கைப் பிடித்தார். "ஊருக்கெல்லாம் படிக்கச் சொல்லிக் குடுக்கறோம். நம்ம அக்காவுக்குச் சொல்லிக் குடுக்க மாட்டமா? நான் தெனமும் வாரேனுங்க!" என்றார். நானும் வருகிறேன், நானும் வருகிறேன் என்று கைகள் உயர்ந்தன. அக்காவே தலைவியாகத் தொடர வேண்டும், அவருக்கு மறுபடி எழுத்தறிவு கற்பிக்கும் பொறுப்பைச் சங்கமே ஏற்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். அவ்வளவு பலமான கைதட்டல் எங்கள் சங்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவுகிற இடத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா கண்ணு?" என்றார். "எல்லாம் எவ்வளவு நல்லாப் பண்றாங்க. ஒருத்தரும் ஒரு தப்புப் பண்ணல."

மறு வாரமே முறை வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். படம் போட்ட அட்டைகள், முதல் பாடப் புத்தகம், பெரிய எழுத்துச் சார்ட்டு. சேலத்திலிருந்துகூட வாழைப்பழச் சீப்போடு மலையேறி வந்தார்கள். அந்தப் புத்தகத்தில் பாதிப் பாடங்கள் அக்காவே எழுதியவை. அவர் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, எதிரில் அடக்கமாக உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக "ஆடு" என்பார். அவர்கள் கைதட்டுவார்கள். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று எங்கள் முதியோர் எத்தனையோ பேர் தெரிந்ததுபோல் தலையாட்டியிருக்கிறார்கள். அதே தலையாட்டலை அவரிடம் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. பொருளாளரிடம் போய், அவருக்குத் தெரியாமல் போனது பாடமில்லை, மூளையில் அடைப்பு, இது வதை, நிறுத்துங்கள் என்று கத்தினேன். "முயற்சி பண்ணிப் பாக்கறதுல என்னங்க தப்பு?" என்று கேட்டார் அவர். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு நாள் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. அக்கா செம்மநத்தத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அழகான கையெழுத்தில் ராஜினாமா மட்டும் வந்தது. என்னைத் தலைவியாக்கினார்கள், அதுவும் ஒருமனதாகத்தான். எனக்கு மாலை போட்டபோது முன்வரிசையில் பாதிப்பேர் அழுதார்கள். எனக்கு மாலையைப் பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது.

கொஞ்ச நாள் விட்டு, ஜீப் பிடித்துச் செம்மநத்தம் போனேன். வீட்டு வாசலில் அக்காவும் அவர் தம்பி மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஏதோ சொல்ல, எல்லோரும் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நான் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அவர் எழுந்து வந்தார். முகத்திலிருந்த சிரிப்பு நின்றிருந்தது. உட்கார வைத்தார், டீ கொடுத்தார், அத்தாவின் உடம்பைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஏன் கண்ணு இப்புடி மெதுவாப் பேசற?" என்றார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது ஜீப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். கதவில் கையை வைத்துக்கொண்டு, கோபம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்:

"இந்தூட்டுல ஆரும் படிக்கறதில்ல. தம்பி சம்சாரத்துக்குத் தெரியாது. பக்கத்தூட்டுக்காரிக்குத் தெரியாது. அவங்களோட உக்காந்திருக்கறப்ப எனக்கு ஒரு கொறையும் தெரியல, நொம்ப நல்லா இருக்கறேன். நீ வந்தாத்தான் எனக்குப் படிக்கத் தெரியலைங்கறது தெரியுது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார்.

"இனிமே வராத, சாமி."

அதற்குப் பிறகும் அக்கா பல வருடம் இருந்தார். செம்மநத்தத்து ஆட்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும்போது விசாரிப்பேன். நல்லா இருக்கறாங்க, எந்நேரமும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கறாங்க என்பார்கள். சரி என்று பொட்டலத்தைக் கட்டிக் கொடுப்பேன். நான் போகவில்லை.